பயனில்லை என்பதற்கு ஒரு பெட்டி

ஜெசிந்தா அக்கா இறந்துவிட்டார் என்ற செய்தி ஒரு செவ்வாய்க்கிழமை காலை, டூட்டிங் சுரங்க ரயில் நிலையத்தின் படிகளில் நான் இறங்கிக்கொண்டிருந்தபோது வந்தது. அவருடைய மகள் குறுஞ்செய்தி அனுப்பியிருந்தாள். ஆங்கிலத்தில் ஒரே வரி. கடைசியில் மட்டும் 'அன்ரி' என்று இருந்தது. இன்னும் நாலு படி இறங்கினால் தொலைபேசி வேலை செய்யாது. அதனால் அந்தப் படியிலேயே நின்றேன். வேலைக்கு ஓடுகிறவர்கள் இருபக்கமும் என்னை இடித்துக்கொண்டு போனார்கள். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை.

இரண்டு நாள் கழித்து மளிகைக் கடையில் கிடைக்கும் இலவசப் பத்திரிகையில் மரண அறிவித்தலைப் பார்த்தேன். மன்னாரைப் பிறப்பிடமாகவும், ஜேர்மனியையும் லண்டன் பிளேஸ்டோவையும் வதிவிடமாகவும் கொண்டவர். இன்னாரின் மகள், இன்னாரின் மனைவி, இருவரின் தாய், பலரின் மைத்துனி. அவ்வளவும் உண்மைதான். ஆனால் அவர் என்ன செய்தார் என்பதற்கு அதில் ஒரு சொல்லும் இல்லை.

அடக்கம் முடிந்து தேவாலய மண்டபத்தில் தேநீர் கொடுத்தார்கள். எனக்குப் பக்கத்தில் உறவினர் ஒருவர் இன்னொருவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்: "பாவம். நாப்பது வயசில கம்பஸ் போறன் எண்டு மினக்கெட்டவ. என்னத்தைக் கண்டா? இங்கிலீசும் கடைசிவரைக்கும் சரியா வரேல்லை."

நான் கோப்பையைக் கீழே வைத்தேன். "அண்ணை, அவவின்ர அந்த இங்கிலீசாலதான் ஒரு யூனிவர்சிற்றி தன்ர விதியை மாத்தினது. தெரியாட்டிக் கேளுங்கோ, சொல்றன்."

அவர் கேட்கவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். அக்காவை அறிந்தவர்கள் வாசியுங்கள். அவரைப் பார்த்துப் பாவம் என்று சொன்னவர்கள் கட்டாயம் வாசியுங்கள்.

கிழக்கு லண்டனில் ஒரு பல்கலைக்கழகத்தில் வணிக முகாமைத்துவம் படிக்கச் சேர்ந்த முதல் வாரம் நாங்கள் சந்தித்தோம். எனக்கு இருபத்தெட்டு வயது. யாழ்ப்பாணத்திலிருந்து கலியாணம் செய்து வந்து நாலு வருடம் ஆகியிருந்தது. அவருக்கு முப்பத்தொன்பது. ஜேர்மனியில் பதினான்கு வருடம் இருந்து, முதியோர் பராமரிப்பில் பயிற்சி முடித்து, அங்கே வேலையும் செய்துவிட்டுக் குடும்பத்தோடு லண்டனுக்கு வந்தவர். இங்கேயும் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. அந்த இல்லத்தை நடத்தும் தகுதி தனக்கு உண்டு என்று அவருக்குத் தெரியும். அதைக் காகிதத்தில் காட்டச் சொன்னார்கள். காட்டுவதற்காகத்தான் வந்திருந்தார்.

வகுப்பு தொடங்கிய மூன்றாம் நாள் எல்லோருக்கும் ஆங்கிலத்தில் ஒரு கட்டுரைப் பரீட்சை வைத்தார்கள். மறுவாரம் அறிவித்தல் பலகையில் ஒரு பட்டியல் ஒட்டப்பட்டது. அதில் பெயருள்ளவர்கள் ஒவ்வொரு வாரமும் கணினி அறைக்குப் போய், இணையத்தில் உள்ள ஆங்கில எழுத்துப் பயிற்சியைச் செய்ய வேண்டும். பன்னிரண்டு கட்டுரைகள். எழுதி அனுப்பியதும் கணினியே திருத்திப் புள்ளி போடும். பன்னிரண்டிலும் சித்தியடையாவிட்டால் இரண்டாம் ஆண்டுக்குப் போக முடியாது.

பட்டியலில் என் பெயர் இருந்தது. அக்காவின் பெயரும் இருந்தது. குடியேறியவர்களின் மகளாகப் பிளேஸ்டோவிலேயே பிறந்து, ஆங்கிலம் தவிர வேறொரு பாஷையும் தெரியாத ரூபி என்ற பெண்ணின் பெயரும் இருந்தது. எல்லோரும் தலையைக் குனிந்து தங்கள் பெயரைத் தேடிவிட்டு மெதுவாக விலகிப் போனார்கள். அக்கா மட்டும் பட்டியலை முதலிலிருந்து கடைசிவரை வாசித்தார்.

"இதில ஒரு ஸ்மித்தும் இல்லை, ஒரு வெள்ளைக்காரப் பேரும் இல்லை, கவனிச்சனீரோ?" என்று என்னிடம் கேட்டார். அதுதான் அவர் என்னோடு பேசிய முதல் வசனம்.

பட்டியலில் இருப்பது எனக்கு வெட்கமாக இருந்தது. வீட்டில் சொல்லவில்லை. கணினி அறைக்குப் போகும்போது நூலகத்துக்குப் போவதாகச் சொல்வேன். அக்காவுக்கு வெட்கம் வரவில்லை. யாராவது அவருடைய ஆங்கிலத்தைப் பற்றி இரக்கமாகப் பேசினால், "எனக்கு மூண்டு பாஷையில பிழை விட ஏலும். உங்களுக்கு எத்தினையில ஏலும்?" என்று கேட்பார். சிரித்துக்கொண்டுதான் கேட்பார். கேட்கப்பட்டவருக்குத்தான் சிரிப்பு வராது.

ஐந்தாவது கட்டுரையில்தான் பிரச்சினை வந்தது. நீங்கள் நன்கு அறிந்த ஒருவரைப் பற்றி எழுதுக என்பது தலைப்பு. அக்கா தன் இல்லத்தில் இருந்த தொண்ணூறு வயதுப் பெண்மணி ஒருவரைப் பற்றி எழுதினார். அந்தக் கட்டுரையை நான் வாசித்தேன். அதில் ஒரு வசனம்: 'அந்நியர்களால் கழுவப்பட்டுக் கழுவப்பட்டு அவர் களைத்துப்போயிருந்தார்.' கணினி அதற்குக் கீழே சிவப்புக் கோடு போட்டது. செயப்பாட்டு வினையைத் தவிர்க்கவும், எழுவாயை மாற்றி எழுதவும் என்று பக்கத்தில் ஆலோசனை சொன்னது. அந்தக் கட்டுரை முழுவதும் அப்படிப்பட்ட வசனங்கள். புள்ளி சித்திக் கோட்டுக்குக் கீழே நின்றது.

"மாத்திவிடுங்கோ அக்கா. 'அந்நியர்கள் அவரைக் கழுவினார்கள்' எண்டு எழுதினாச் சரி" என்றேன்.

"அப்ப எழுவாய் ஆர்?"

"அந்நியர்கள்."

"அது பிழை. கழுவப்பட்டது அவ. களைச்சது அவ. அந்த வசனத்தில முதல் நிக்கவேண்டியது அவதான். நாங்கள் கழுவினதைப் பற்றி நான் எழுதேல்லை."

திரையில் அந்தச் சிவப்புக் கோடு அப்படியே இருந்தது. அக்கா கணினியை மூடிவிட்டு வேலைக்குப் போய்விட்டார். அடுத்த வாரமும் அதே கட்டுரையை அனுப்பினார். அதே புள்ளி. அதற்கடுத்த வாரமும். மற்றப் பதினொரு கட்டுரைகளையும் ஒவ்வொன்றாக முடித்தார். ஐந்தாவது மட்டும் நின்றது.

எங்களோடு பிரபு என்று திருச்சியிலிருந்து வந்த ஒருவர் படித்தார். மாணவர் விசாவில் இருந்தவர். முதலாம் ஆண்டு தவறினால் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். அவர் கணினியின் ரசனையைப் படித்து வைத்திருந்தார். "நீளமா எழுதினா அதுக்குப் பிடிக்காதுங்க. நாலு வார்த்தை, ஒரு முற்றுப்புள்ளி. நாலு வார்த்தை, ஒரு புள்ளி. நான் என்ன நினைக்கிறேன்னு அதுக்கு எதுக்கு?" என்பார். அவருக்குப் புள்ளிகள் ஏறிக்கொண்டே போயின. ஆனால் வகுப்பு விரிவுரையாளர்கள் அவருடைய கட்டுரைகளைச் சின்னப்பிள்ளை எழுதியது போல இருக்கிறது என்று திருப்பிக் கொடுத்தார்கள். அவர் சாப்பாட்டுக் கூடத்தில் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அன்று அவர் பகிடி விடவில்லை. "நான் எதுக்குங்க எழுதணும், இதுக்கா, அதுக்கா?" என்று அக்காவிடம் கேட்டார். அந்தக் கேள்விதான் அக்காவைக் கிளப்பியது என்று நினைக்கிறேன்.

வசந்த காலத்தில் எங்கள் கருத்தைக் கேட்டார்கள். பயிற்சிக்குப் பொறுப்பாக ஹெலன் என்ற விரிவுரையாளர் இருந்தார். மென்மையாகப் பேசுகிறவர், கெட்டவர் இல்லை. இணையவழி எழுத்துப் பயிற்சி பற்றிய மாணவர் கருத்து என்று தலைப்பிட்ட படிவத்தை எல்லோருக்கும் கொடுத்தார். ஒவ்வொரு கேள்விக்கும் மூன்று பெட்டிகள். மிகவும் பயனுள்ளது, பயனுள்ளது, ஓரளவு பயனுள்ளது. ஏதாவது ஒன்றில் சரி அடையாளம் போட வேண்டும்.

கணினி அறையில் இருபது பேர் இருந்தோம். அக்கா கையை உயர்த்தினார்.

"பயனில்லை என்பதற்குப் பெட்டி எங்கே?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

ஹெலன் படிவத்தைத் திருப்பிப் பார்த்தார். அப்படியொரு பெட்டி இல்லை என்பதை அப்போதுதான் கண்டார் போலும். முகம் சிவந்தது. "ஓரளவு என்பதில் போடலாமே" என்றார்.

"ஓரளவு என்பது ஓரளவு. இல்லை என்பது இல்லை" என்றார் அக்கா. படிவத்தை நிரப்பாமல் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அன்று பஸ் தரிப்பிடத்தில் நின்றபோது சொன்னார்: "அவையள் கேக்காட்டி நாங்கள் கேப்பம். நீர் எனக்கு உதவி செய்யும்."

எழுத ஒரு தடித்த கொப்பி வாங்கினார். மூன்று வாரம், வேலை இல்லாத நேரமெல்லாம் சாப்பாட்டுக் கூடத்தின் வாசல் பக்கத்து மேசையில் இருந்தார். பட்டியலில் இருந்த ஒவ்வொருவரிடமும் கொப்பியை நீட்டினார். ஆளுக்கு ஒரு பக்கம். என்ன பாஷையிலும் எழுதலாம், பிழை திருத்தப்பட மாட்டாது, பெயர் போட விரும்பினால் போடலாம். முதலாம் பக்கத்தில் அவரே எழுதித் தன் முழுப்பெயரையும் போட்டிருந்தார். பலர் பயந்தார்கள். இது போய்ப் பரீட்சைப் புள்ளியில் விழுமோ என்று கேட்டார்கள். பகலில் பஸ் ஓட்டி மாலையில் படிக்க வருகிற கானா நாட்டுக்காரர் ஒருவர்தான் அக்காவுக்கு அடுத்ததாக எழுதினார்: 'என் பிள்ளை பிழையாகப் பேசினால், நீ என்ன சொல்ல வந்தாய் என்று கேட்பேன். இந்தக் கணினி அதை ஒருநாளும் கேட்டதில்லை.' அதற்குப் பிறகு மற்றவர்கள் எழுதினார்கள். ரூபி இரண்டு பக்கம் எழுதினாள். பிரபு தமிழில் எழுதினார். இரண்டு தாள்களை வைத்துக்கொண்டு கேட்ட அதே கேள்வியைத்தான் எழுதினார்.

மொழிபெயர்த்துத் தட்டச்சு செய்வது என் வேலை. ஒரு சனிக்கிழமை மத்தியானம் பிளேஸ்டோவில் அக்காவின் வீட்டுக் குசினியில், அடுப்புக்குப் பக்கத்து மேசையில் இருந்து அறிக்கையை ஒழுங்குபடுத்தினோம். அவருடைய கணவர் எங்களுக்குப் புட்டும் மீன் குழம்பும் வைத்துவிட்டுப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியே போனார்.

கொப்பியில் ஏழு பக்கங்கள் பயிற்சிக்கு ஆதரவாக இருந்தன. லிங் என்ற சீன மாணவி எழுதியதுதான் அவற்றில் வலுவானது: 'வகுப்பில் நான் வாய் திறந்தால் எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள். கணினி என்னைப் பார்த்துச் சிரிப்பதில்லை. அதனிடம் நான் நூறு தடவை பிழை விடலாம். இதை எடுத்துவிடாதீர்கள்.'

நான் அந்த ஏழு பக்கங்களையும் தனியே எடுத்து மேசையின் மறுபக்கத்தில் வைத்தேன்.

"உதை ஏன் அங்க வைக்கிறீர்?"

"இதைப் போட்டா எங்கட கதை பலவீனமாப் போகும் அக்கா. அவையள் இதை மட்டும்தான் பிடிச்சுக்கொள்ளுவினம்."

அக்கா கையைக் கழுவிவிட்டு வந்து அந்த ஏழு பக்கங்களையும் எடுத்தார். கோபப்படவில்லை. ஆனால் அவருடைய குரல் அப்படித் தாழ்ந்து நான் முன்னர் கேட்டதில்லை.

"அவையள் ஒரு பெட்டியை வைக்கேல்லை எண்டுதானே நாங்கள் இவ்வளவும் செய்யிறம்? இப்ப நாங்களும் ஒரு பெட்டியை எடுத்துப்போட்டா, பிறகு அவையளுக்கும் எங்களுக்கும் என்ன வித்தியாசம்? லிங் சொல்றது உண்மை. அவளுக்கு அது வேணும். பயிற்சி கூடாது எண்டு நான் ஒருநாளும் சொல்லேல்லை. தண்டனையாக் குடுக்காதேங்கோ எண்டுதான் சொல்றன்."

"அப்ப எங்க போடுறது?"

"முதல்ல போடும். லிங்கின்ரயை முதல் பக்கத்தில போடும்."

போட்டேன். எனக்கு மனமில்லை. அதை இன்று ஒப்புக்கொள்கிறேன். அன்று அவர் என்னைத் தோற்கடித்துவிட்டார் என்றுகூட நினைத்தேன். அந்த முதல் பக்கத்தால்தான் எங்கள் அறிக்கையைக் கடைசிப் பக்கம்வரை வாசித்தார்கள் என்பதைப் பிறகுதான் ஹெலன் சொல்லி அறிந்தேன்.

அறிக்கையை அனுப்பியபின், பல்கலைக்கழகக் கற்பித்தல் குழுவின் கூட்டத்தில் எங்களுக்குப் பத்து நிமிடம் தந்தார்கள். நீண்ட மேசை, பதினொரு பேர். நான் வாசிக்கிறேன் என்று அக்காவிடம் கெஞ்சினேன். என் உச்சரிப்பு கொஞ்சம் பரவாயில்லை என்பது என் எண்ணம். "நான் கேட்ட கேள்வியை நான்தான் கேக்கோணும்" என்று சொல்லிவிட்டார். மன்னார்த் தமிழும் ஜேர்மனும் கலந்த அவருடைய ஆங்கிலத்தில் வாசித்தார். சில இடங்களில் வினைச்சொல் வசனத்தின் கடைசிக்குப் போய் நின்றது. அவசரப்படவில்லை. லிங்கை வாசித்தார், பஸ் சாரதியை வாசித்தார், ரூபியை வாசித்தார், நான் மொழிபெயர்த்த பிரபுவையும் வாசித்தார். கடைசியில் மூன்று கோரிக்கைகள். பயிற்சியை விரும்பியவர்கள் செய்யட்டும். இரண்டாம் ஆண்டுக்குப் போவதற்கு அதை நிபந்தனையாக வைக்க வேண்டாம். எழுதுகிறவர் எழுதியதை வாரத்தில் அரை மணி நேரமாவது இருந்து வாசிக்க ஒரு மனிதர் வேண்டும்.

தலைமை வகித்தவர் புன்னகைத்தார். "திருமதி அருள்நேசன், மிக நன்றாகப் பேசினீர்கள். உண்மையில், இந்தப் பயிற்சி எவ்வளவு வெற்றி என்பதற்கு உங்கள் ஆங்கிலமே சாட்சி" என்றார்.

இரண்டு மூன்று பேர் தலையசைத்தார்கள். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

அக்கா தாள்களை அடுக்கிக்கொண்டே சொன்னார்: "நன்றி ஐயா. ஆனால் அந்தப் பயிற்சியில் நான் இன்னும் சித்தியடையவில்லை."

மேசையின் கோடியில் இருந்த ஹெலன் சிரித்துவிட்டார். வாயைப் பொத்தினார், பொத்த முடியவில்லை. அவரைத் தொடர்ந்து இன்னும் இருவர் சிரித்தார்கள். தலைமை வகித்தவர் சிரிக்கவில்லை. ஆனால் தன் பேனாவை எடுத்து, முதல் தடவையாக எதையோ எழுதிக்கொண்டார்.

முடிவு வர இரண்டு மாதம் ஆனது. நிபந்தனை நீக்கப்படும். அடுத்த ஆண்டு சேர்கிறவர்களுக்கு. எங்களுக்கு இல்லை. கடிதத்தை வாசித்துவிட்டு நான் அழுதேன். யாரோ முகம் தெரியாதவர்களுக்காக நாங்கள் ஒரு வருடத்தைக் கொடுத்துவிட்டோம் என்று கத்தினேன். அக்கா என்னைக் கத்தவிட்டார். பிறகு, "வாறவையளும் ஆக்கள்தானே" என்றார்.

ஆனால் அவருடைய ஐந்தாவது கட்டுரை இன்னும் நின்றது. ஆனி மாதக் கடைசிக்குள் முடிக்காவிட்டால் ஒரு ஆண்டு போய்விடும். அவர் பிடிவாதத்தில் அழிந்துபோவார் என்று பயந்தேன். அவர் அப்படி முட்டாளில்லை. ஒரு பின்னேரம் கணினி அறைக்கு வந்து, பிரபுவைப் பக்கத்தில் இருத்தி, தன் வீட்டுத் தெருவில் கடிதம் போடுகிற தபாற்காரரைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். நாலு வார்த்தை, ஒரு புள்ளி. அந்த மனிதரின் பெயர்கூட அவருக்குத் தெரியாது. கணினி அதற்கு அள்ளிக் கொடுத்தது. எங்கள் எல்லோருக்கும் கிடைத்ததில் அதுதான் அதிகப் புள்ளி.

இரண்டு கட்டுரைகளையும் அச்செடுத்துக்கொண்டு ஹெலனின் அறைக்குப் போனோம். தபாற்காரரை முதலில் நீட்டினார். "இது உங்கள் கணினிக்கு" என்றார். பிறகு மற்றதை நீட்டினார். "இது உங்களுக்கு."

ஹெலன் எங்களை நிற்கவைத்துக்கொண்டே வாசித்தார். அந்த வசனத்தில் அவருடைய கண் நின்றதை நான் பார்த்தேன். வாசித்து முடித்து, மறுபடி மேலே போய் வாசித்தார். "இந்தப் பெண்மணி இப்போதும் இருக்கிறாரா?" என்று கேட்டார்.

"மாசியில் இறந்துவிட்டார்" என்றார் அக்கா.

அடுத்த ஆண்டு, எழுதுகிறவர்களோடு அரை மணி நேரம் இருந்து வாசிக்கும் வேலையை ஹெலன் தானே கேட்டு எடுத்துக்கொண்டார். கணினி அறையும் பூட்டப்படவில்லை. லிங் மூன்று வருடமும் அங்கே போனாள், நிம்மதியாகப் பிழை விட்டாள். பிரபு இரண்டாம் ஆண்டுக்கு வந்து, நீளமான வசனங்களுக்குத் திரும்பினார். அக்கா பட்டம் பெற்றார். அதே இல்லத்தில் உதவி முகாமையாளர் ஆனார். அங்கே வேலைக்கு வரும் புதியவர்களிடம் ஒவ்வொரு முதியவரைப் பற்றியும் ஒரு பக்கம் எழுதச் சொல்வார், அவர்களுக்கு வரும் பாஷையில். அந்தப் பதவியில் இரண்டு வருடத்துக்கு மேல் இருக்க நோய் அவரை விடவில்லை.

கடைசியாக அவரை ஆஸ்பத்திரியில் பார்த்தேன். மெலிந்துபோய், தலையில் ஒரு பருத்தித் துணி கட்டியிருந்தார். கட்டிலில் நிமிர்ந்திருந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். பக்கத்துக் கட்டில் சோமாலியப் பெண்ணுக்கு மூன்று நாளாக மொழிபெயர்ப்பாளர் வரவில்லையாம். அதற்காக ஆஸ்பத்திரி நிர்வாகத்துக்கு ஒரு முறைப்பாடு. என்னிடம் நீட்டினார்.

"பிழை இருக்கோ பாரும்."

வாசித்தேன். மூன்று பிழைகள் இருந்தன. சொன்னேன்.

"விளங்குதோ?"

"ஓம். நல்லா விளங்குது."

"அப்ப உப்பிடியே இருக்கட்டும். என்ர பிழையோட போகட்டும்."

போனது. அடுத்த நாளே மொழிபெயர்ப்பாளர் வந்ததாக மகள் சொன்னாள்.

அந்த மண்டபத்தில் பேசிய அண்ணைக்கு இதுதான் என் பதில். ஜெசிந்தா அருள்நேசனின் ஆங்கிலம் கடைசிவரை திருந்தவில்லை. சரிதான். திருந்திய ஆங்கிலம் வைத்திருந்த நாங்கள் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு நின்ற இடங்களில், அந்தத் திருந்தாத ஆங்கிலம் எழுந்து நின்று பேசியது.

அவரிடமிருந்து எனக்குத் துணிவு கிடைத்தது என்று சொன்னால் அது பொய். எனக்கு அது இன்னும் வரவில்லை. பயத்தோடேயே பேசுகிற பழக்கம் மட்டும் வந்திருக்கிறது. நான் இப்போது ஒரு வீடமைப்பு அலுவலகத்தில் வேலை செய்கிறேன். அடக்கம் முடிந்த மறுவாரம் ஒரு கூட்டம் வைத்தார்கள். வீடு கேட்டு வருகிற விண்ணப்பங்களில், தெளிவான ஆங்கிலத்தில் நிரப்பப்படாதவற்றை இனி வாசிக்காமலே திருப்பி அனுப்புவது என்று புதிய ஏற்பாடு. எல்லோரும் குறித்துக்கொண்டார்கள். என் கை மேலே போனது. "நான் அதைச் செய்ய மாட்டேன்" என்றேன். ஒரு சொல் பிழையாக வந்தது. யாரோ திருத்தினார்கள். நான் நிறுத்தவில்லை, முழுவதையும் சொல்லி முடித்தேன். முகாமையாளர் என்னைப் பார்த்து, அப்படியானால் அவற்றையெல்லாம் நீயே வாசி என்றார், தண்டனை போல.

நாற்பத்தாறு விண்ணப்பங்கள் என் மேசையில் இருக்கின்றன. வாசித்துக்கொண்டிருக்கிறேன்.